துக்க வீட்டுப் பலகாரம்

ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போகும். விடுமுறைக் காலத்தைத் தொழில் வளர்ச்சிக்குப் பயன்படுத்துவது எப்படி, ஒரு மணி நேரப் பயிற்சி, வருகை கட்டாயம். கீழே ஒரு கிறிஸ்மஸ் மரத்தின் படம் இருக்கும். அதைச் சுற்றி கோட்டுப் போட்டவர்கள் கைகுலுக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்த மின்னஞ்சலை அனுப்புவது இப்போது என் வேலை. மனிதவளப் பிரிவில் நிரந்தரமானபோது இதுவும் சேர்ந்து என் தலையில் விழுந்தது. அதை அனுப்பும்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். மிகைப்படுத்தவில்லை. ஒரு தடவை நிஜமாகவே எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பயிற்சியில் நான் முதன்முதலாக உட்கார்ந்த வருடம் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். ஒப்பந்தம் ஜனவரிக் கடைசியில் முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் எங்கள் பணிப்பாளர். ஜூலையில்தான் அப்பா எலிக்காய்ச்சலில் போயிருந்தார். முப்பது வருடம் றப்பர் மரத்தில் பால் வெட்டிய மனிதர், ஐந்தே நாளில் முடிந்துவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி, மலை ஏற முடியாது என்று எப்போதோ பேர் வெட்டிக்கொண்டு தோட்ட வேலையை விட்டுவிட்டார். என் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. வேலை போனால் என்ன செய்வது என்று பஸ்ஸில், குளியலறையில், கோயிலில் முழங்காலில் நிற்கும்போதுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்வது என்னை நியாயப்படுத்துவதற்காக அல்ல. பயந்தவர்களைத்தான் அந்த மாதிரிப் பயிற்சிகள் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பயிற்சியாளர் வாய் நிறையப் பல்லோடு வந்தார். ஒரு தாளில் உங்கள் எதிர்காலத்தை மாற்றக்கூடிய பத்துப் பேரின் பெயரை எழுதுங்கள் என்றார். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, இந்த விடுமுறையில் அவர்களுக்கு நீங்கள் எந்த வகையில் உதவலாம் என்று எழுத வேண்டும். பிறகு புத்திமதி. பண்டிகைக் காலத்தில் வெறுங்கையோடு போகாதீர்கள். கடையில் வாங்கியதை மறந்துவிடுவார்கள், வீட்டில் கையால் செய்தது மனதில் நிற்கும். சொந்த ஊர், குடும்பம் என்று இதமாகப் பேசுங்கள். ஆனால் துக்கச் செய்தி எதையும் எடுக்காதீர்கள், பண்டிகையில் யாருக்கும் அது பிடிக்காது. நான் எல்லாவற்றையும் பவ்வியமாகக் குறித்துக்கொண்டேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து அதில் அவ்வளவு அழகாக இருக்கிறது, பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பத்துப் பெயரா? எனக்குத் தெரிந்தது ஒரே பெயர்தான்.

அந்த வாரமே லிப்டில் பணிப்பாளரோடு மாட்டிக்கொண்டேன். மனைவி, மகளோடு கிறிஸ்மஸ் விடுமுறைக்கு அமைதியான இடம் தேடுவதாக யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போனை வைக்கும் வரை காத்திருந்து, எங்கள் ஊரில் ஓர் இடம் இருக்கிறது சேர் என்றேன். எங்கள் தோட்டத்தில் முன்பு துரை இருந்த பங்களாவைக் கம்பெனி இப்போது உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. எஹலியகொடையிலிருந்து அரை மணி நேரம்தான். வராந்தாவில் உட்கார்ந்தால் கீழே றப்பர் காடும், பனி விலகும் நேரத்தில் தூரத்து மலையும் தெரியும். இதையெல்லாம் கண்ணை விரித்துக்கொண்டு சொன்னேன். வராந்தாவிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்துத் தகரக் கூரையும் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. நானே போன் பண்ணி, நானே நாள் குறித்து, பெரிய காரியம் சாதித்தவள் போல அவருடைய செயலாளரிடம் விவரம் கொடுத்தேன். தாளில் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டேன்.

கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் முன்பு ஊருக்குப் போனேன். வீடு ஒரு மாதிரி இருந்தது. நட்சத்திரக் கூடு கட்டவில்லை, பாலன் குடில் வைக்கவில்லை. சாவு விழுந்த வருடத்தில் எங்கள் பக்கம் பலகாரத்துக்குச் சட்டி வைக்க மாட்டார்கள். இந்து வீடானாலும் எங்களைப் போல வேதக்கார வீடானாலும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். அதற்குப் பதிலாக மற்ற வீடுகளிலிருந்து தட்டு வரும். துக்க வீட்டுக்காரர் நல்ல நாளில் வாய் இனிக்காமல் இருக்கக்கூடாது என்று கொண்டுவந்து வைப்பார்கள்.

லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா வீட்டுப் பெரியம்மாவின் தட்டுதான் முதலில் வந்தது. அவர் எங்களுக்குச் சொந்தமில்லை, எங்கள் கோயிலுமில்லை. நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. அப்பா போனபோது மூன்று நாளும் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் அவர் அடுப்பில்தான் சோறு வெந்தது. தீபாவளி முடிந்து, அச்சையும் சட்டியையும் கழுவிப் பரணில் போட்டிருந்தவர், எங்களுக்காகவே அதை மறுபடியும் இறக்கியிருக்கிறார். அம்மா சொன்னார், "பாரு, எங்க வேதத்துல கூட இல்லாத மனுஷி. நேத்து முழுக்க அடுப்புக் கிட்டயே நின்னாங்க. வேணாங்க அக்கான்னா கேக்கறாங்களா." பெரிய எவர்சில்வர் தட்டு நிறைய அச்சு முறுக்கு. பூப் போட்ட துணியால் மூடியிருந்தது.

பெரியம்மாவின் அச்சு முறுக்கு எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய இரும்பு அச்சில் ஓர் இதழ் எப்போதோ ஒடிந்துவிட்டது. எட்டிதழ்ப் பூ வர வேண்டிய இடத்தில் ஏழுதான் வரும், எட்டாவது இடம் வெறும் பள்ளம். புது அச்சு வாங்கலாமே என்றால் சிரிப்பார். சின்ன வயதில் நாங்கள் அதைப் பல்லுப் போன முறுக்கு என்று கேலி செய்துகொண்டே மடிமடியாகத் தின்றிருக்கிறோம்.

அன்று அந்தத் தட்டைப் பார்த்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வரவில்லை. பெரியம்மா ஞாபகமும் வரவில்லை. வீட்டில் கையால் செய்தது மனதில் நிற்கும் என்ற அந்தப் பல்லு ஆளின் குரல்தான் வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பணிப்பாளர் குடும்பம் மறுநாள் பங்களாவுக்கு வந்துவிட்டது. கார் மேலே ஏறும் சத்தத்தை லயத்திலிருந்தே கேட்டேன். கொழும்பிலிருந்து நான் கொண்டுவந்த பையில், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நல்ல அட்டைப் பெட்டியும் தங்க நிற ரிப்பனும் வாங்கி வைத்திருந்தேன். எதற்கும் இருக்கட்டுமாம்! அம்மா கோயில் கூட்டத்துக்குப் போன நேரத்தில், உடையாத முறுக்குகளாகப் பார்த்துப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினேன். சுவரில் அப்பாவின் படம், அதன் கீழே சின்னச் சிவப்பு பல்பு. அதற்கு நேர் கீழே மேசையில் வைத்துத்தான் ரிப்பன் கட்டினேன். முடிச்சு சரியாக வரவில்லை என்று இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினேன்.

பெரியம்மா அந்தப் பங்களாவில் வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆட்கள் வரும் நாட்களில் காலையில் போய்க் கூட்டித் துடைத்துவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் இறங்கிவிடுவார். அதனால்தான் நாலு மணிக்குப் போனேன். என் புத்தி அவ்வளவு தூரம் வேலை செய்திருக்கிறது. சமையல்காரர் பண்டிகைக்கு லீவு போட்டுப் போய்விட்டதும், அந்த வாரம் முழுக்கப் பெரியம்மாவையே அடுப்படியில் நிற்கச் சொல்லியிருந்ததும் எனக்குத் தெரியாது.

குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கக் குறுக்குப் பாதையில் போகாமல் சுற்றி வளைத்து கார் ரோட்டால் ஏறினேன். லயத்திலிருந்து வருகிறவள் என்று தெரியக்கூடாது. செருப்புக்குள் அட்டை ஏறிக் கடித்தது. பங்களா வாசலில் ரத்தத்தை இலையால் துடைத்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

பணிப்பாளர் அரைக் காற்சட்டையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. நன்றாகத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை என்பது. பிறகு, "ஆ, ரத்னபுர கெல்ல!" என்றார். எங்கள் மாவட்டத்தின் பெயரை வைத்து இரத்தினபுரிப் பிள்ளை, அவ்வளவுதான். என் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. நான் அதற்கும் சிரித்தேன். அவர் மனைவி நல்ல மாதிரி, உட்காரச் சொன்னார். அவர்களுடைய மகள் தலையை நிமிர்த்தாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினேன். எங்கள் ஊரில் கோயிலுக்குக் காணிக்கை கொடுக்கும்போதுதான் அப்படி நீட்டுவோம்.

"அனே, எதற்கு இதெல்லாம்!" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே அவர் மனைவி ரிப்பனை இழுத்துப் பெட்டியைத் திறந்தார். ஒரு முறுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்கள் கொக்கிஸ் மாதிரியே இருக்கிறதே! யார் செய்தது?"

"அம்மா செய்தது மேடம்," என்றேன். "கிறிஸ்மஸுக்கு வருசா வருசம் செய்வாங்க."

அந்த நேரத்தில்தான் தேநீர்த் தட்டோடு பெரியம்மா உள்ளே வந்தார்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். பெட்டி நிறைய ஏழிதழ்ப் பூக்கள், ஒவ்வொன்றிலும் அதே பள்ளம். பொய் சொல்லக் கிளம்பியவள் அதைக்கூட யோசிக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் தின்ற வாய், அதில் ஓர் இதழ் இல்லை என்பதையே மறந்துவிட்டிருந்தது. அங்கேயே தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

பெரியம்மா கோப்பைகளை ஒவ்வொன்றாக வைத்தார். என் முன்னால் வைக்கும்போது, "டீ எடுங்க மிஸ்," என்றார்.

பிறந்த நாளிலிருந்து என்னைக் குளிப்பாட்டி, திட்டி, பேன் பார்த்த கை. அந்தப் பெரியம்மாவின் வாயில் நான் மிஸ் ஆகிப்போனேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்திருப்பேன். பெரியம்மா குத்திக்காட்டவில்லை. நான் யாரென்று காட்டிக்கொள்ள விரும்பவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது, அதற்கு ஒத்தாசை செய்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பணிப்பாளரின் மனைவி ஒரு முறுக்கைக் கடித்துவிட்டு, "ஹரி ரசய்!" என்றார். ரொம்ப ருசியாம். பிறகு பெரியம்மா பக்கம் திரும்பி, இந்தப் பிள்ளையின் அம்மா செய்ததாம், உனக்கு அவர்களைத் தெரியுமா என்று கேட்டார்.

பெரியம்மா நல்ல சிங்களம் பேசுவார். நிறுத்தி, தெளிவாகச் சொன்னார். "ஆமா நோனா. இவங்க அம்மா நல்லாச் செய்வாங்க. தோட்டத்திலயே நல்ல கை."

நான் தேநீரைக் குடித்தேன். என்ன குடித்தேன் என்று நாக்குக்குத் தெரியவில்லை.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. வந்த வேலை முடியவில்லையே. ஜனவரி இருக்கிறதே. பணிப்பாளர் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு, அப்பா தோட்டத்தில்தானா என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்ட கேள்வி, பதிலைக்கூட அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். துக்கச் செய்தி எதையும் எடுக்காதீர்கள். அப்பா இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"ஆமா சேர்," என்றேன். "அப்பா பீல்ட் பக்கம் இருக்காங்க."

இருக்கிறாராம். உத்தியோகத்தர் மாதிரி, பீல்ட் பக்கம். பால் வெட்டிய மனிதரைப் பதவி உயர்த்தினேன், செத்தவரை எழுப்பினேன், இரண்டையும் ஒரே வாக்கியத்தில். பெரியம்மா காலியான தேநீர்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றார். அப்பாவின் பாடையோடு சந்தி வரை அழுதுகொண்டே வந்தவர். தலையைக் குனிந்து தட்டின் விளிம்பை முந்தானையால் ஒரு துடை துடைத்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

இன்னும் கால் மணி நேரம் இருந்தேன். தோட்டத்துப் பனியைப் பற்றி, பறவைகளைப் பற்றி, எங்கள் ஊர் மக்கள் எவ்வளவு எளிமையானவர்கள் என்பதைப் பற்றி நான் பேசியதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. எங்கள் ஊர் மக்களைப் பற்றி நான்! பணிப்பாளர் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். கிளம்பும்போது அவருடைய மனைவி தோளில் தட்டி, அம்மாவுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

இறங்கும்போது றப்பர் மரங்களுக்குள் புகுந்து நடந்தேன். மழையில் ஊறிய ஒட்டுப்பாலின் நாற்றம் சுற்றிலும் இருந்தது. மரத்தில் வழிந்து காய்ந்து அழுகும் பால், அதன் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்பாவின் சட்டையில் எப்போதும் இருந்த நாற்றம்தான். கொழும்புக்கு வந்த புதிதில், என் உடுப்பிலும் அது இருக்கிறதோ என்று நான் இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுத் துவைத்ததுண்டு. ஆனால் அன்று அந்தக் காட்டில் நாறியது ஒட்டுப்பால் அல்ல. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா வெறும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "என்னா புள்ள, ஒண்ணு கூட இல்ல? எல்லாத்தையும் நீயா தின்ன?"

"பசிச்சிச்சும்மா," என்றேன்.

அம்மாவுக்குச் சந்தோசம். அப்பா போனதிலிருந்து நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவருக்குக் கவலை. தட்டைக் கழுவித் துடைத்தார். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று ஒரு பிடி சீனி போட்டு, "நீயே போய்க் குடு. நல்லா இருந்திச்சின்னு சொல்லு. ஆசையாச் செஞ்ச மனுஷி," என்று என் கையில் வைத்தார். நான் போனேன். பெரியம்மா இன்னும் பங்களாவிலிருந்து இறங்கவில்லை என்பது தெரிந்தே போனேன். வாசல்படியில் தட்டை வைத்துவிட்டு, எறும்பு வராமல் துணியால் மூடிவிட்டு ஓடி வந்தேன். கிறிஸ்மஸ் அன்று அவர் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. இருபத்தாறாம் திகதி விடியற்காலைப் பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விட்டேன்.

ஜனவரியில் நிரந்தரக் கடிதம் வந்தது. அன்று அழுதேன், அம்மாவுக்குப் போன் பண்ணினேன், சக ஊழியர்களுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தேன். அடிமனதில், போனாலும் போகிறது, செய்த கேவலத்துக்குப் பலனாவது கிடைத்ததே என்று ஒரு கள்ள நிம்மதி. மார்ச் மாதத்தில் கோப்புகளை அடுக்கும் வேலை என்னிடம் வந்தது. என் கோப்பும் அதில் இருந்தது. நிரந்தரமாக்கலாம் என்று பணிப்பாளர் கையெழுத்துப் போட்டிருந்த தாளில் நவம்பர் மாதத்துத் திகதி. பயிற்சிக்கும் முன்னால். லிப்டுக்கும் முன்னால். நான் அந்தப் பெட்டிக்கு ரிப்பன் கட்டும்போது எல்லாம் முடிந்து, கோப்பு அலுமாரிக்குள் போயிருந்தது. என் வேலையைப் பார்த்துத்தான் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். பணிப்பாளருக்கு இன்றும் நான் இரத்தினபுரிப் பிள்ளைதான். பங்களாவைப் பற்றியோ முறுக்கைப் பற்றியோ அவர் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடுத்த கிறிஸ்மஸுக்குள் அப்பாவின் வருசத் திவசப் பூசை முடிந்துவிட்டது. துக்கம் கழிந்த வீட்டில் மறுபடி சட்டி வைத்தால், துக்கத்தில் தட்டுக் கொடுத்த வீடுகளுக்குத்தான் முதல் தட்டுப் போக வேண்டும். அம்மா பகல் முழுக்க நின்று அச்சு முறுக்குச் சுட்டார். எட்டு இதழும் சரியாக இருக்கும் முறுக்கு. முதல் தட்டை நிரப்பி மூடி என்னிடம் நீட்டினார்.

"நீங்க போங்கம்மா," என்றேன்.

"எனக்கு முட்டி வலிக்கிது. நீ போ. ஒரு வருசமா அவங்க மூஞ்சியக் கூடப் பாக்காம ஓடுற."

போனேன். பெரியம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வாம்மா," என்றார். மிஸ் என்று சொல்லவில்லை. எப்போது வந்தாய், மெலிந்துவிட்டாயே என்று வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டார். நான் தட்டை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, துணியை விலக்கிப் பார்த்தார்.

"யாரு சுட்டது?"

"அம்மா சுட்டது பெரியம்மா."

அவர் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தார். கோபமில்லை, கேலியில்லை. அளவு சரியா என்று பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு தலையை என்னைத் தாண்டி நீட்டி, எங்கள் வாசல் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஏ தங்கச்சி! இத நீயா சுட்ட?"

"நாந்தாங்க அக்கா!" என்று அம்மாவின் குரல் வந்தது. "ஏன், சீனி கூடிருச்சா?"

அதற்குப் பிறகுதான் பெரியம்மா தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் வைத்தார்.